கல்லூரித் தமிழ் விழாவும் சொற்பொழிவு மரபும்

மணிமேகலையின் முதற்காதைக்கு விழாவறை காதை என்பது பெயர். இந்திர விழா எடுக்கத் துணிந்த செய்தியை வள்ளுவன் முரசறைந்து புகார் நகரத்தார்க்கு அறிவிக்கும் பகுதி அது. தோரணம் நாட்டவும், நிறைகுடம் வைக்கவும், வீதியிற் புதுமணல் இடவும் ஏவிச் செல்லும் அவ்வறிவிப்பு, கற்றோர் வாதிடுதற்குரிய பட்டிமண்டபத்தையும் மறவாது சுட்டுகின்றது. விழா நிகழும் 28 நாளும் மாறுபட்டாரோடும் பூசல் விளையாது ஒழுகுக என்னும் அறிவுரையும் அதன்கண் உண்டு. விழாவும் வாதமும் தமிழர்க்கு ஒன்றுக்கொன்று புறம்பானவையல்ல என்பதற்கு இக்காதை பழைய சான்றாகும். கல்லூரியொன்றின் தமிழ்த் துறை எடுக்கும் விழாவும், அவ்விழாவில் நிகழும் சொற்பொழிவும் திறனாய்வுக்குரிய பொருளாகுமோ என ஐயுறுவார்க்கு இதனினும் வேறு விடை வேண்டுவதில்லை. நூலுக்குப் பாயிரமும் பயனும் உள்ளன போல மேடைக்கும் உள்ளன. நூலைக் குறை கூறும் உரிமை கற்பார்க்கு உளதாயின், மேடையைக் குறை கூறும் உரிமை கேட்பார்க்கும் உளது.

இப்பொருளை ஆராய்வதற்குப் பண்டத்தரிப்பும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் மிகப் பொருத்தமான இடம். வடக்கே மாதகல், யாழ்ப்பாண வைபவமாலை இயற்றிய மயில்வாகனப் புலவரின் ஊர். அருகே சில்லாலை, கத்தோலிக்கமும் தமிழ் மருத்துவமும் ஒருங்கு தழைத்த ஊர். சற்றே தெற்கே சென்றால் வட்டுக்கோட்டை. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் செமினரி நிறுவிய இடம். பண்டத்தரிப்பில் 1820ஆம் ஆண்டிலேயே மருத்துவரான யோன் ஸ்கடர் வந்தமர்ந்தார். ஒரு கையில் மருந்தும் மறு கையில் துண்டுப் பிரசுரமுமாக ஊர்கள்தோறும் சென்று பேசிய மிசனரிமாரின் குரலை இவ்வட்டாரத்து மக்கள் தமிழகத்தின் பல பகுதியினர்க்கு முன்னரே கேட்டிருந்தனர். ஆயினும் அவர்கள் அதற்கு முன் சொற்பொழிவே அறியாதவரல்லர். இவ்விடத்திலேதான் ஆய்வாளர் பலர் வழுக்குகின்றனர்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் புராணபடனம் நெடுங்காலமாக நிகழ்ந்து வருவது. கந்தபுராணத்தையோ பெரியபுராணத்தையோ ஏடு விரித்து ஒருவர் இராகத்தோடு பாடுவார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். பாடுவார் ஒருவர், உரைப்பார் ஒருவர் என்ற இப்பகுப்பில் நுட்பம் ஒன்று உள்ளது. உரைப்பவர் தம் விருப்பிற்கு ஓட இயலாது. செய்யுள் அவரைக் கட்டி நிற்கும். கேட்போருள்ளும் பாடம் அறிந்த முதியோர் பலர் இருப்பர். பிழைபடப் பிரித்தாலோ, பொருளைத் திரித்தாலோ, மறுநாட் காலையிற் கோயில் வீதியில் அதைப் பற்றிப் பேச்செழும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் எனப் பெயரிட்டழைத்தமைக்கு இப்படனமே அடிப்படை. பள்ளிக்கூடம் செல்லாத பெண்களும் அப்புராணத்தின் நிகழ்ச்சிகளையும் சொற்றொடர்களையும் நாவிற் கொண்டிருந்தனர். கேட்பவர் நூலறிவு உடையவராய் இருத்தல், சொல்பவர் நூலுக்கு அடங்கியவராய் இருத்தல் என்னும் இவ்விரண்டையும் மேடைப் பேச்சை அளக்கும் கோலாகக் கொள்ளலாம்.

1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் நல்லூர் ஆறுமுகம் என்னும் இளைஞர் பிரசங்கம் ஒன்று செய்தார். அப்பொழுது அவர்க்கு வயது 25. மெதடிஸ்த மிசனின் ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றவர் அவர். வெள்ளிதோறும் தொடர்ந்த அப்பிரசங்கங்களை அவரும் நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் மாறி மாறி நிகழ்த்தினர். சிவலிங்க வழிபாடு, கொல்லாமை, கள்ளுண்ணாமை, கொடை என்றிவ்வாறு பொருள்கள் வகுக்கப்பட்டன. செய்யுளொன்றைப் பாடி அதற்குப் பயன் சொல்லுதலன்று இது. பொருளொன்றை முன்வைத்து, அதற்கு ஆகமத்தினின்றும் புராணத்தினின்றும் சான்று காட்டி, எதிர்வாதத்தை மறுத்து, கேட்போரை ஒரு முடிவுக்கு இட்டுச் செல்லும் வசனப் பேச்சு. இதன் அமைப்பு தேவாலயப் பிரசங்கத்தினின்றும் எடுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. 1849ஆம் ஆண்டில் திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு வழங்கிய நாவலர் என்னும் பட்டமும் அப்பேச்சுத் திறனுக்குக் கிடைத்ததேயாம்.

அமெரிக்க மானிடவியலறிஞர் பேணாட் பேற் தமிழ்ச் சொற்பொழிவின் வரலாற்றை ஆராய்ந்து, புரட்டஸ்தாந்தப் பிரசங்கத்தினின்றும் நாவலர் வழியாகவும் பிறர் வழியாகவும் வளர்ந்த இப்பேச்சு முறையே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சுதேசி இயக்க மேடைக்கும், பின்னர்த் திராவிட இயக்க மேடைக்கும் வந்து சேர்ந்தது என்று காட்டினார். அவர் மறைந்த பின் 2021ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சி நூலுருப் பெற்றது. பொதுமக்கள் எனப்படும் ஒரு கூட்டத்தைப் பார்த்து ஒருவர் தமிழிற் பேசுதல் புதுவதாகத் தோன்றிய செயல் என்னும் அவர்தம் துணிபு பெரிதும் ஏற்கத்தக்கது. ஆயினும் யாழ்ப்பாணத்தைப் பொறுத்தமட்டில் அதனோடு ஒன்று கூட்டியுரைத்தல் வேண்டும். வண்ணார்பண்ணையில் அமர்ந்து கேட்டோர் வெறுஞ் செவியோடு வந்தவரல்லர். புராணபடனத்திற் பழகிய செவியோடு வந்தவர். நாவலர் சான்று காட்டிய புராண வரலாற்றை அவர் அவ்விடத்திலேயே மெய்யெனவோ பிழையெனவோ அறிய வல்லவர். விதை மேல்நாட்டதாயினும் நிலம் உழுது பண்படுத்திய நிலம். அந்நிலத்தை ஒழித்து விதையை மட்டும் கூறின் வரலாறு பாதியாகும்.

இன்னொன்றும் மறைத்தற்குரியதன்று. அம்மேடையைச் சூழ்ந்த மக்கள் எல்லாரும் அல்லர். கோயிலுட் புகவொண்ணாதென விலக்கப்பட்டோர்க்கு அப்பிரசங்கம் எட்டவில்லை. பொதுச் சொற்பொழிவு என்பதிற் பொது என்னும் சொல் யாழ்ப்பாணத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக அரைகுறைப் பொருளிலேயே வழங்கிற்று. பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டும் என்ற போராட்டம் 1920களின் இறுதியிலும் 1930ஐ ஒட்டியும் எழுந்தபோதே அச்சொல் தன் பொருளை அடையத் தொடங்கிற்று. அதற்குத் துணை நின்ற யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் 1924ஆம் ஆண்டிலே தோன்றியது; 1927 நவெம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அதுவே. யார் பேசினார் என்று கேட்கும் விழா வரலாறுகள், யார் எங்கே அமர்ந்து கேட்டார் என்று கேட்பது அரிது. அமர்ந்தார் எவர், நின்றார் எவர், வெளியே மதிலோரம் நின்றார் எவர் என்பதை ஆராயாத விழா வரலாறு வெறும் அழைப்பிதழ்த் தொகுப்பேயாகும்.

சொற்பொழிவு நூலாய் விளைந்தமைக்குச் சுவாமி விபுலாநந்தர் வாழ்வில் இரு சான்றுகள் உள. மதுரைத் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நாடகத் தமிழ் பற்றி அவர் ஆற்றிய உரையே விரிந்து 1926ஆம் ஆண்டில் மதங்க சூளாமணி என வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் சிலப்பதிகார உரையினின்று பெறப்படும் பழைய நாடக இலக்கணத்தையும் ஒருங்கு வைத்து நோக்கிய முதல் முயற்சிகளுள் அது ஒன்று. விழாவில் ஒரு மாலைப்பொழுதிற் சொல்லப்பட்டது, கைதட்டலோடு நில்லாமல், ஈராண்டு உழைப்பின் பின் அச்சேறியது என்பதே இங்குக் கருதத்தக்கது. மற்றொன்று யாழ்நூல். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் இரு நாள்கள் அது அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19இல், அடிகள் மறைந்தார். அரங்கேற்றம் என்பது தமிழர் கண்ட விழாக்களுள் மிகக் கடுமையானது. நூலாசிரியன் தன் நூலைக் கற்றோர் அவையில் வைத்து அவர்தம் தடையை எதிர்கொள்வான். விடை கூற முடியாவிடின் நூல் ஏறாது. அவ்வவையில் யாழ்கள் இசைக்கப்பட்டதனால் இலக்கணம் ஓசையாகவும் சோதிக்கப்பட்டது. இக்காலத்து நூல் வெளியீட்டு விழாவில் நூலைப் படியாதவரே வாழ்த்துரைக்கின்றமை அரங்கேற்றத்தின் எதிர்முனை எனலாம்.

அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் முதற் றமிழ்ப் பேராசிரியராயினார். இலங்கையில் அவர்க்குப்பின் அப்பதவியேற்ற க. கணபதிப்பிள்ளை காலத்திலும், அவர் மாணவர் சு. வித்தியானந்தன் காலத்திலும் ஒரு தமிழ்த் துறையின் விழா எத்துணை ஆழமாகப் பண்பாட்டை மாற்றவல்லது என்பது காணப்பட்டது. ஈழத்தில் இத்துறைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆதலின் சற்று விரித்து நோக்குதல் தகும்.

கணபதிப்பிள்ளை இலண்டனிற் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து பட்டம் பெற்ற மொழியியலறிஞர். அத்தகையார் 1940ஆம் ஆண்டில் நானாடகம் என்ற பெயரில் நான்கு நாடகங்களை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே எழுதி வெளியிட்டார். உடையார் மிடுக்கு, முருகன் திருகுதாளம் என்னும் பெயர்களே அவற்றின் நகைச்சுவைப் பாங்கைக் காட்டும். பல்கலைக்கழக வகுப்புகள் ஆங்கிலத்திலே நடந்த காலம் அது. மேடைத் தமிழோ இலக்கணச் செம்மையன்றி வேறொன்றும் ஒவ்வாது என்றிருந்த காலம். அவ்விரண்டுக்கும் இடையே, வீட்டிற் பேசும் மொழியைக் கல்வி நிலைய மேடையில் ஏற்றுதற்குத் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரே துணிந்தார். 1956இல் வெளிவந்த அவருடைய சங்கிலி வரலாற்று நாடகம். மாதகற் புலவர் வைபவமாலையில் நிந்தித்துரைத்த மன்னனை அது வேறொரு நோக்கில் நிறுத்திற்று. ஒரே துறையினின்றும் பேச்சு வழக்கு நகைச்சுவையும் செந்தமிழ் வீரமும் தோன்றின. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் இந்நாடகங்களை மேடையேற்றியபோது நெறியாள்கை வித்தியானந்தனுடையது. அச்சங்கத்தின் ஆண்டிதழான இளங்கதிர் ஆய்வுக் கட்டுரைகளைத் தாங்கி வந்தது. மேடையும் இதழும் ஒரு துறையின் இரு கைகளாக இயங்கின என்பது குறிப்பிடத்தக்கது.

1956இல் பேராதனையைச் சார்ந்த எதிரிவீர சரச்சந்திர மனமே நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றிய அப்படைப்பு, தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்னும் பழைய வடிவை மூலமாகக் கொண்டது. தமிழர்க்கோ அக்கூத்து ஊர்களில் உயிரோடிருந்தது; கற்றோர் மதிப்பில் மட்டும் இறந்திருந்தது. வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்துத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்றுக் கிராமங்களிற் கூத்து விழாக்கள் நடத்தி, அண்ணாவிமாரைச் சிறப்பித்து, ஏட்டிலிருந்த அலங்காரரூபன், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி முதலிய நாடகங்களை 1960களிற் பதிப்பித்தார். அதனோடமையாது, பல்கலைக்கழக மாணவரையே கூத்தாடச் செய்தார். 1962இல் கர்ணன் போர், அடுத்த ஆண்டு நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், 1967இல் வாலிவதை. மட்டக்களப்பு வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்து மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். பட்டம் பெறாத ஒருவர் ஆசிரியராகவும், பட்டத்துக்குப் படிப்போர் மாணாக்கராகவும் ஆன அந்நிகழ்வைத் தமிழ்த் துறையின் உண்மையான சிறப்புச் சொற்பொழிவு எனல் மிகையன்று. மாணவராயிருந்த சி. மௌனகுரு எழுதி, தாமே இராவணனாக ஆடிய இராவணேசன், போரிற் சாயும் வீரன் ஒருவனின் அவலத்தை வடமோடி ஆட்டத்தில் வெளிப்படுத்திற்று. கண்டோர் நினைவில் அது பல்லாண்டு நின்றது.

இதற்குக் கொடுத்த விலையையும் கணக்கிடல் வேண்டும். இரவு முழுதும் ஆடப்பட்ட கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிற்று. வட்டக் களரியைச் சுற்றி அமர்ந்திருந்த ஊரவர், ஒரு பக்கம் மட்டும் நோக்கி இருளில் அமர்ந்த பார்வையாளராயினர். களரியின் நடுவே மத்தளத்தோடு நின்று ஆட்டத்தை ஆண்ட அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்குச் சென்றார். பாத்திரம் ஒன்று தன் வரவு ஆடிக் களைத்து ஓயும் இடைவேளைகளில் ஊரவர் தேநீர் அருந்துவதும், குழந்தை உறங்குவதும், பழைய ஆட்டக்காரனோடு புதியவனை ஒப்பிட்டுப் பேசுவதும் கூத்தின் புறத்தன அல்ல, அவையும் கூத்தே. அவற்றைச் சுருக்கியபோது பார்ப்பவன் கூத்தின் சுற்றத்தினின்றும் விலகி விருந்தினன் ஆனான். ஆயினும் சுருக்காது விட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதையும் எண்ணல் வேண்டும். படித்த தமிழர் கூத்தை இகழ்ந்தபடியே இருந்திருப்பர். ஊர்களில் அது மெல்ல மெல்ல அருகியிருக்கும். இழப்பைத் தெரிந்தே ஏற்ற தேர்வு அது என்பதே பொருந்தும். அதன் பயன் விரைவிலேயே புலனாயிற்று. மாவிட்டபுரத்துக் கோயிற் பிரவேசப் போராட்டம் 1968இல் எழ, அடுத்த ஆண்டில் அப்பொருளையே கந்தன் கருணை எனக் கூத்தாக ஆடினர் அம்பலத்தாடிகள் குழுவினர். அவ்வாண்டிலேயே மௌனகுருவின் சங்காரம் சமுதாயப் போராட்டத்தை வடமோடியிற் பாடிற்று. பேராதனை மேடையிற் கற்ற வடிவம், விழா அழைப்பிதழ் பெறாதவர்க்கு ஆயுதமாயிற்று. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தை எந்தத் துறையின் உதவியுமின்றி நூற்றுக்கணக்கான முறை மேடையேற்றி மக்களைக் கட்டியிழுத்தமையும் உடன் நினைக்கத்தக்கது. கல்விக்கூடம் கைகொடுத்தாற்றான் கலை வாழும் என்பதற்கு அவர் ஒரு மறுப்பு.

கவியரங்கம் பற்றிச் சுருங்கக் கூறினும் போதும். வானொலியிலும் கல்லூரி மேடைகளிலும் கவியரங்கங்கள் பெருகியமையாலே, செவியிற் பட்ட அளவில் விளங்கும் செய்யுள் வேண்டப்பட்டது. மகாகவி எனப்பட்ட து. உருத்திரமூர்த்தியும் முருகையனும் பேச்சோசையைச் செய்யுளிற் கொண்டுவந்தமைக்கு அத்தேவையும் ஒரு காரணம். மேடை கவிதையைக் கெடுத்தது என்பார் இதனையும் எண்ணுக. அவ்விருவர்க்குப் பின் எழுந்த கவியரங்கக் கவிதைகளிற் பெரும்பகுதி தலைவரை வாழ்த்தும் வரிகளிலேயே முடிந்துபோயின என்பது வேறு.

பட்டிமன்றமே இன்று விழாவின் முடியாயிருப்பது. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் நிறுவிய கம்பன் கழகமும், நடுவராய் அமர்ந்து புகழ்பெற்ற குன்றக்குடி அடிகளாரும் இவ்வடிவத்துக்கு இக்கால உருவம் தந்தனர். யாழ்ப்பாணத்தில் 1980இல் தோன்றிய கம்பன் கழகம் இதனை இங்கு வேரூன்றச் செய்தது. நூலறியாதாரையும் நூலின்பால் ஈர்த்தமை இதன் நன்மை. பேச்சாளன் ஒவ்வொரு கூற்றுக்கும் செய்யுட் சான்று காட்டவேண்டியிருத்தலால், புராணபடனத்திற் கண்ட கட்டுப்பாடு ஓரளவு இதிலும் உண்டு. எனினும் இதன் அமைப்பிலேயே ஒரு குறை பொதிந்திருக்கின்றது. அதனைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு அமையும்.

கும்பகருணனோ வீடணனோ உயர்ந்தவன் என்பது மேடைகளிற் பன்முறை வாதிக்கப்பட்ட தலைப்பு. கம்பன் கும்பகருணன் வதைப் படலத்தில் உடன்பிறந்தார் இருவரையும் போர்க்களத்தில் எதிரெதிரே நிறுத்துகின்றான். அறத்தின் பக்கம் சேர்ந்த தம்பி, தமையனையும் அப்பக்கம் வருமாறு வேண்டுகின்றான். உண்ட சோற்றுக்கும் வளர்த்த கைக்கும் கடன்பட்டவன் ஆதலின் தமையன் மறுக்கின்றான்; மறுப்பவன் தம்பியைப் பழியாது, அவன் சேர்ந்த இடம் அவனுக்குத் தகும் எனத் தழுவி அனுப்புகின்றான். இரு கடமையும் மெய். இரண்டும் ஓரிடத்திற் பொருந்தா. அப்பொருந்தாமையாற் பிறக்கும் அவலமே கம்பன் படைத்தது. பட்டிமன்ற நடுவரோ இறுதியில் ஒருவனுக்குத் தீர்ப்பு வழங்குதல் வேண்டும். தீர்ப்பு வழங்கிய அக்கணமே கவிஞன் கட்டிய முடிச்சு அவிழ்ந்து வீழ்கின்றது. கேட்டவன் ஒருவன் வென்றான் என்னும் நினைவோடு வீடு செல்லுகின்றான். படலத்தை மீளப் படித்தற்கு அவனுக்கு ஏதுவில்லை. நடுவர் இருவரும் உயர்ந்தோரே எனக் கூறித் தப்புதலும் உண்டு. அதுவும் அவலத்தை உணர்த்தாது, சமாதானத்தையே உணர்த்துகின்றது. பண்டைப் பட்டிமண்டபம் சமயக் கணக்கர் தத்தம் கொள்கையை உண்மையாகவே நம்பி வாதித்த இடம். மணிமேகலையும் அவர்பாற் கேட்டறிந்து, ஏற்காதவற்றை விலக்கினாள். எந்தப் பக்கம் தரினும் பேசுவேன் என்பது வழக்குரைஞர்க்கு நல்ல பயிற்சி. இலக்கிய மாணாக்கர்க்கு அன்று. இதற்கு மாற்றாகப் பட்டிமன்றத்தையே கைவிடவேண்டும் என்பதில்லை. நூலில் உண்மையாகவே தீராது கிடக்கும் வினாக்கள் எத்தனையோ உள. யாழ்ப்பாண வைபவமாலை கூறும் கால நிரலை வரலாறாகக் கொள்ளலாமா, நாவலர் பதிப்புக்கும் சி. வை. தாமோதரம்பிள்ளை பதிப்புக்கும் பதிப்பு நெறியில் யாது வேறுபாடு என்பன போல்வன வாதத்துக்கு எடுக்கப்படின், வாதிப்போரும் படிப்பர், கேட்போரும் ஐயத்தோடு செல்வர்.

விழாவின் பொழுதைப் பற்றியும் ஒரு சொல். நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, நாதசுர தவிலிசையோடு விருந்தினரை அழைத்து வருதல் அழகிய வழக்கம். அளவெட்டித் தட்சிணாமூர்த்தியைப் போன்ற தவில் மேதையைப் பெற்ற நாட்டில் அவ்விசையை ஐந்து நிமிடத்தில் நிறுத்துவதே குறை. அதன்பின் வரவேற்புரை, தொடக்கவுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை போர்த்தல், நினைவுப் பரிசு எனப் பொழுது கழிகின்றது. ஆய்வுரை நிகழ்த்த அழைக்கப்பட்டவர் எழும்போது, பின்வரிசை மாணவர் நடன நிகழ்ச்சிக்கு ஒப்பனை செய்யச் சென்றிருப்பர். அவரும் தம் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு நகைச்சுவைத் துணுக்கு இரண்டு சொல்லி அமர்ந்துவிடுவார். கேள்வி கேட்பதற்கென்று எவ்வழைப்பிதழிலும் நேரம் குறிக்கப்படுவதில்லை. மேற்கூறிய புராணபடனத்திற் கேட்பவன் மறுநாளாவது கோயில் வீதியில் வினவினான். அரங்கேற்றத்தில் அவையிலேயே தடை எழுப்பினான். கல்வியின் பெயரால் எடுக்கப்படும் விழாவிலே கேட்பவனுக்கு அவ்வுரிமையும் இல்லை.

பொது மேடை யாழ்ப்பாணத்தில் உயிர்ச்சேதத்தோடும் கலந்தது. நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1974 ஜனவரியில் இங்கு நிகழ்ந்தது. காரைதீவிற் பிறந்த வித்தகரின் மரபும், கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகளின் உழைப்பும் கோலாலம்பூர், சென்னை, பாரிஸ் எனச் சென்று யாழ்ப்பாணம் வந்தடைந்த மாநாடு அது. ஆய்வரங்குகள் முடிந்து, 10ஆந் திகதி இரவு வீரசிங்கம் மண்டபத்தின் முன் பொதுமக்கள் சொற்பொழிவு கேட்டுக் கொண்டிருந்தபோது நிகழ்ந்த பொலிஸ் நடவடிக்கையில் கூட்டத்தினர் மடிந்தனர். அறிஞர் ஒருவர் பேசுவதைக் கேட்டற்பொருட்டுத் தரையில் அமர்ந்தோர் வீடு திரும்பாதுபோயினர். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகமும் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு திறக்கப்பட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1985இல் அப்பல்கலைக்கழகக் கலாசாரக் குழுவினர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் மண் சுமந்த மேனியர் நாடகத்தைக் கலையரங்கோடு நிறுத்தாது ஊர்தோறும் கொண்டு சென்றனர். மக்கள் விழாவுக்கு வருதற்கு அஞ்சிய காலத்தில் விழா மக்களிடம் சென்றது. ஒரு கல்வி நிறுவனம் தன் மேடையை எங்கே நாட்டுதல் வேண்டும் என்ற வினாவுக்கு அந்நாடகப் பயணம் தந்த விடையை, அமைதி வந்த பின் நிறுவனங்கள் மறந்துவிட்டன. குளிரூட்டிய மண்டபத்துக்கு வெளியே தமிழ் விழா இப்பொழுது அரிதாகவே காணப்படுகின்றது.

எஞ்சுவது விழா மலர். யாழ்ப்பாணத்துக் கல்லூரி மலர்களிற் பெரும்பாலானவற்றின் முற்பகுதி வாழ்த்துச் செய்திகள், பிற்பகுதி விளம்பரங்கள். இடையே மாணவர் கட்டுரைகள். அன்று மேடையிற் சொல்லப்பட்டது மட்டும் அதனுள் இராது. மலர் விழாவுக்கு முன்னரே அச்சாகிவிடுவதே இதற்குக் காரணம். மூன்று மாதம் பிந்தி வெளிவரினும், பேசியவரின் உரையையும் அதன்மேல் எழுந்த வினாக்களையும் தாங்கி வரும் மலர் ஒன்றே நூலகத்தில் வைக்கத்தக்கது. 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் என்னும் இணையத் தொகுப்பு ஈழத்துப் பழைய மலர்களை மின்னுருவாக்கிக் காத்து வருகின்றது. அவற்றைப் புரட்டுவார்க்கு, யார் எந்த நாளில் எந்தத் தலைப்பிற் பேசினார் என்பது நூற்றுக்கணக்கிற் கிடைக்கின்றது. பேசியது யாது என்பது கிடைப்பதில்லை. வண்ணார்பண்ணைப் பிரசங்கங்களின் நிலையும் அதுவே. தலைப்புகளைச் சரித்திரகாரர் எழுதி வைத்தனர். வெள்ளிதோறும் நாவலர் நாவினின்று எழுந்த சொற்கள், அன்று வைத்தீசுவரன் கோயிலில் அமர்ந்திருந்தாரோடு போயின.